பதினாலாவது சொல்

அத்தியாயம் ஏழு

தன்னை வேலையிலிருந்து நிறுத்தி வைக்கும் உத்தரவைத் தானே டைப் செய்யும் வாய்ப்பு எல்லாருக்கும் கிடைத்துவிடாது. ஆங்கில இலக்கியத் துறையின் டைப்பிஸ்டுக்குக் கிடைத்திருந்தது. துறையில் டைப் செய்ய வேறு ஆள் இல்லை. முதல்வர் கையால் எழுதி அனுப்பிய தாள் அவள் மேஜையில் கிடந்தது. நாலு மணிக் கமிட்டிக்கு இரண்டு காப்பி தயாராக இருக்க வேண்டும் என்று ஓரத்தில் குறிப்பு வேறு. மணி இரண்டே கால்.

"பாதி அடிச்சிட்டேன்," என்றாள் டைப்பிஸ்ட், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "'இரகசியத்தைக் காக்கத் தவறியதால்'ங்கிற இடத்துக்கு வந்ததும் விரல் நின்னு போச்சு. பத்தொன்பது வருஷமா இந்த அறைச் சாவி என் கையில இருக்கு. ஒரு கேள்விகூட வெளியில போனதில்லை."

அவள் கூப்பிட்டதால் வந்து எதிரே உட்கார்ந்திருந்த அண்ணி தலையை ஆட்டினார். அவரை வாடிக்கையாளர்கள், போலீஸ்காரர்கள், பிடிபட்டவர்கள் எல்லாருமே அண்ணி என்றுதான் கூப்பிட்டார்கள். ரயில்வேயின் தொலைந்த பொருள் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷம் அநாதைக் குடைகளுக்குச் சொந்தக்காரர்களைக் கண்டுபிடித்தவர், ஓய்வு பெற்றதும் துப்பறிவதையே தொழிலாக்கிக்கொண்டார். உதவிக்கு வந்து சேர்ந்த கணவரின் தம்பி வாய்க்கு வாய் அண்ணி, அண்ணி என்றதில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

அந்தத் தம்பிக்கு வயது நாற்பத்தொன்று. வானொலியில் அறிவிப்பாளனாக இருந்தவன். நேரடி ஒலிபரப்பில் அமைச்சரைவிட அதிகம் பேசியதற்காக வேலை போயிற்று. பேச்சு போகவில்லை. ரேடியோ என்ற பட்டப்பெயரும் போகவில்லை.

இப்போது ரேடியோவின் கையில், கல்லூரிக்கு எதிரே இருந்த நகலகத்தில் வாங்கிய ஒரு மெல்லிய புத்தகம் இருந்தது. 'ஒரே மூச்சில் இலக்கியச் சொற்கள்' என்று அட்டை சொன்னது. காலையிலிருந்து அவன் அதை விட்டு இறங்கவில்லை.

விஷயம் இதுதான். மறுநாள் காலை பத்து மணிக்கு இறுதியாண்டு மாணவர்களுக்குக் கலைச்சொல் தேர்வு. இருபது சொற்கள் கொடுக்கப்படும். ஒவ்வொன்றையும் விளக்கி உதாரணம் எழுத வேண்டும். துறைத் தலைவரான பேராசிரியர் திங்கட்கிழமை காலை கேள்விகளை எழுதிக்கொண்டு வந்தார். டைப்பிஸ்ட் அன்று மத்தியானமே அடித்து, உறையிலிட்டு, அரக்கு வைத்துப் பூட்டினாள். புதன்கிழமை மாலை, நகலகத்தில் மாணவர்கள் வரிசையில் நின்று ஒரு துண்டுக் காகிதத்தை நகல் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதில் அதே சொற்கள், அதே வரிசையில். இருபதுக்குப் பத்தொன்பது சரி. பதினாலாவது மட்டும் வேறு. கேள்வித்தாளில் லிட்டோடீஸ் என்றிருந்தது. துண்டுக் காகிதத்தில் ஹைபர்போலி.

ரேடியோ உடனே புத்தகத்தைப் புரட்டினான். "ஹைபர்போலின்னா ஊதிப் பெருக்கிச் சொல்றது. லிட்டோடீஸ்னா அதுக்கு நேர் எதிர். 'நல்லவன்'னு சொல்லாம 'கெட்டவன் இல்லை'ன்னு சொல்றது. எங்கம்மா என்னைப் பத்திச் சொல்ற மாதிரி."

"உன்னைப் பத்தி அத்தை அவ்வளவு நல்லதா எப்பச் சொன்னாங்க?" என்று கேட்டுவிட்டு அண்ணி எழுந்தார். அடுத்த அறையில் பேராசிரியர் காத்திருந்தார்.

பேராசிரியர் ஒல்லியாக, நெட்டையாக, சட்டைப் பையில் நாலு பேனாவோடு இருந்தார். வழக்கை அவர் ஏற்கெனவே முடித்து வைத்திருந்தார். தாளைப் பார்த்தது உலகத்தில் இரண்டே பேர். ஒருவர் அவரே. தான் திருடவில்லை என்பது தனக்கு நன்றாகத் தெரியும். மிச்சம் யார்? பதினாலாவது சொல் மாறியிருப்பதைப் பற்றி அண்ணி கேட்டபோது, அதுதான் திருடியவளின் கெட்டிக்காரத்தனம் என்றார். பத்தொன்பதைக் கொடுத்து ஒன்றை மாற்றினால் சந்தேகம் வராது என்ற நினைப்பாம்.

"வரிசை எப்படி வந்துச்சு சார்?" என்று அண்ணி கேட்டார். "பாடத்திட்டத்துல எல்லாம் அகர வரிசையில இருக்கு. உங்க தாளுல ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் ஒட்டே இல்லையே."

"வரிசை அதுவா வரும்மா. எனக்குத் தோணுற வரிசை."

"முதல்ல எழுதின பிரதியைக் கடைசியா எங்கே வெச்சீங்க?"

தொலைந்த பொருள் அலுவலகத்தின் கேள்வி அது. இருபத்திரண்டு வருஷப் பழக்கம் லேசில் போகாது. பேராசிரியர் பெருமையோடு இழுப்பறையைத் திறந்து பழைய கடித உறை ஒன்றை எடுத்துக் காட்டினார். யாரும் தொடவில்லை என்பதற்கு அதுவே சாட்சியாம். உறையின் முதுகில் இருபது சொற்கள் பென்சிலால் எழுதப்பட்டிருந்தன.

அண்ணி அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். எழுத்துகள் மேடும் பள்ளமுமாக ஓடின. நாலு இடத்தில் பென்சில் முனை காகிதத்தைக் குத்தி மறுபக்கம் போயிருந்தது. ஆறாவது சொல்லின் மேல் ஒரு சொட்டு நீர் விழுந்து காய்ந்த தடம். இருபதாவது மட்டும் மணிமணியாக இருந்தது.

"கல்லூரிக்கு எதுல வர்றீங்க சார்?"

நடந்துதான் வருவாராம். பதினேழு நிமிஷ நடை, ஒரே நேர்த் தெரு. மழையானாலும் வெயிலானாலும் எட்டு மணிக்குக் கிளம்பிவிடுவாராம். இதைக் கேட்டு இந்த அம்மாளுக்கு என்ன ஆகப்போகிறது என்ற முகத்தோடு அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அண்ணி உறையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே நடந்தார்.

கல்லூரி வாசலில் முப்பத்திரண்டு பளிங்குப் படிகள். இரண்டு பக்கமும் கல் சிங்கங்கள். மேலே ஒரு யானை நுழையும் அளவுக்குக் கதவு. அந்தக் கதவு கட்டிய நாளிலிருந்து பூட்டியே இருக்கிறது. பக்கத்தில் குனிந்து நுழைய ஒரு பூனைக் கதவு. அதில் வெளியே வரும்போது ரேடியோ தலையை இடித்துக்கொண்டான்.

"இத்தனை படி, இத்தனை சிங்கம், கடைசியில இதுக்குத்தானா?" என்று நெற்றியைத் தேய்த்தான்.

அண்ணி நடுப் படியில் அப்படியே நின்றுவிட்டார். பிறகு துண்டுக் காகிதத்தைப் பிரித்தார். "தம்பி, இருபதாவது என்ன?"

"ஆன்டிக்ளைமாக்ஸ்." அவன் புத்தகத்தைப் பார்த்தான். "பெரிசா எதையோ எதிர்பார்க்க வெச்சு, கடைசியில அற்பமா முடிக்கிற..." படிகளைப் பார்த்தான். சிங்கங்களைப் பார்த்தான். பூனைக் கதவைப் பார்த்தான். 

"நின்னுகிட்டு எழுதியிருக்கார்," என்றார் அண்ணி. "நடந்து வர்ற வழியில எழுதியிருக்கார். பென்சில் குத்தினது, கையிலயே உறையை வெச்சு எழுதினதால. சொட்டு, திங்கக்கிழமைத் தூறல். கடைசிச் சொல் மட்டும் இந்தக் கைப்பிடிச் சுவர் மேல வெச்சு எழுதினது. கிளம்பு. பின்னாலயிருந்து எண்ணிக்கிட்டே போவோம்."

அதன் பிறகு அந்தத் தெரு அவர்களைப் பைத்தியம் பிடிக்க வைத்தது. பத்தொன்பதாவது ஐரனி, எதிர்பார்ப்புக்கு நேர்மாறாக நடப்பது. படியிறங்கி நாற்பது அடி போனால் கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி. வாசலில் நின்ற பள்ளியின் கார் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நசுங்கிப்போயிருந்தது. பதினெட்டாவது ஃபாயில். ஒரு பாத்திரத்தின் குணம் எடுப்பாகத் தெரிய, பக்கத்திலேயே நேர் எதிரான இன்னொரு பாத்திரத்தை நிறுத்துவது என்றது புத்தகம். அடுத்தடுத்து இரண்டு முடிதிருத்தும் கடைகள். ஒன்று கண்ணாடி மாளிகை. மற்றதில் நாற்காலிக்குக் கால் மூன்று. பதினேழாவதுக்கு ஒரு நிமிஷம் திணறினார்கள். பிறகு ரேடியோ ஒரு வாடகைக் கார் நிறுத்தத்தைச் சுட்டிக் காட்டினான். கிளம்ப மறுக்கும் பழைய வண்டியின் மூக்கைத் தடவி, தங்கமே, ராஜாவே என்று ஒரு டிரைவர் கெஞ்சிக்கொண்டிருந்தார். பதில் சொல்லாத பொருளிடம் பேசுவதற்கு அப்பாஸ்ட்ரஃபி என்று பெயர்.

"தினமும் இப்படித்தானா அண்ணே?" என்று ரேடியோ கேட்டான்.

"காலையில ஒருவாட்டி, மத்தியானம் ஒருவாட்டி," என்றார் டிரைவர். "திட்டினா கிளம்பாது தம்பி. வீட்டுல கத்துக்கிட்ட பாடம்."

பதினாறாவது யூஃபமிசம், கசப்பானதை இனிக்கச் சொல்வது. சவப்பெட்டிக் கடையின் பலகையில் 'நீண்ட ஓய்வுக்கான மரவேலைகள்' என்று எழுதியிருந்தது. பதினைந்தாவதில் ரேடியோ சிரித்தே உட்கார்ந்துவிட்டான். 'இன்றே கடைசி நாள்' என்று ஒரு செருப்புக் கடை துணி கட்டியிருந்தது. துணி வெளுத்துப்போய் அதன் மேல் குருவி கூடு கட்டியிருந்தது. வெளியூர்க்காரர் ஒருவர் மட்டும் அவசர அவசரமாக உள்ளே ஓடினார். தெருவுக்கே தெரிந்தது அவருக்கு மட்டும் தெரியவில்லை. டிராமாட்டிக் ஐரனி.

"அண்ணி, இது கேள்வித்தாள் இல்லை. பேராசிரியரோட நடைப்பயணம்."

"அது தெரிஞ்சு போச்சு. இப்ப பதினாலுக்கு வா."

பதினாலாவது இடத்தில் ஒரு சலவைக் கடை நின்றது. அதன் பலகையைப் பார்த்ததும் இருவர் முகமும் தொங்கிவிட்டது. 'பாலை வெட்கப்படவைக்கும் வெள்ளை. பிரபஞ்சத்திலேயே சிறந்த சலவை' என்று முழ உயர எழுத்தில் இருந்தது. இது சாட்சாத் ஹைபர்போலி. துண்டுக் காகிதம் சொன்னதுதான் சரி. பேராசிரியர் ஏன் இதைப் பார்த்து லிட்டோடீஸ் என்று எழுதினார்? முப்பது வருஷம் பாடம் நடத்தியவருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதா?

மணி மூன்று அடித்தது. டைப்பிஸ்ட் உத்தரவின் இரண்டாவது பத்திக்கு வந்திருப்பாள் என்று ரேடியோவுக்குத் தோன்றியது. 

அண்ணி கடைக்குள் போய், திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு இந்தப் பலகை இருந்ததா என்று கேட்டார். சலவைக்காரரின் கையிலிருந்த இஸ்திரிப் பெட்டி நின்றது. திரைச்சீலைக்குப் பின்னால் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலை இறக்கினார். ஒரு வாடிக்கையாளர் தன் சட்டையைக் கொண்டுவந்து, இதில் எந்தப் பிரபஞ்சம் தெரிகிறது என்று கேட்டுவிட்டாராம். மனசு பொறுக்காமல், நேர்மையாக இருப்போம் என்று புதுப் பலகை எழுதி, திங்கட்கிழமை ஏழு மணிக்கு மாட்டினாராம். ஒன்பது மணிக்கு மனைவி வந்தாளாம்.

"அப்புறம்?" என்றான் ரேடியோ.

"ஒன்பது அஞ்சுக்குப் பழைய பலகை மேல ஏறிடுச்சு," என்றார் சலவைக்காரர். "நேர்மை ரெண்டு மணி நேரம் இருந்துச்சுங்க."

இஸ்திரி மேஜைக்குப் பின்னாலிருந்து சுவரைப் பார்த்து நின்ற ஒரு பலகையை அவர் திருப்பினார். அடக்கமான நீல எழுத்தில் 'எங்கள் சலவை மோசமில்லை' என்று எழுதியிருந்தது.

அண்ணி முகத்தில், சொந்தக்காரர் கிடைத்த குடையைப் பார்க்கும்போது வரும் புன்னகை வந்தது. பலகையை இரவல் கேட்டார். சலவைக்காரர், திருப்பியே தர வேண்டாம் என்று கும்பிட்டார்.

வெளியே வந்ததும் பலகை ரேடியோவின் தலையில் ஏறியது. அவன் அதைச் சுமந்துகொண்டு, இனி கல்லூரிக்கு ஓடலாம், டைப்பிஸ்ட் தப்பித்தாள் என்றான். அண்ணி நகரவில்லை.

"பாதிதான் தப்பிச்சா. தாளைத் திருடினவளா இருந்தா லிட்டோடீஸ்னு எழுதியிருப்பா. அது சரி. ஆனா 'மாத்தி எழுதினா'ன்னு அந்த மனுஷர் திரும்பவும் அதே பாட்டைப் பாடுவார். பட்டியல் எழுதின ஆளைக் காட்டணும். அந்த ஆள் எப்படிப்பட்ட ஆள்? பேராசிரியர் எங்கெங்க நின்னார்னு அந்த ஆளுக்குத் தெரியும். பழைய பலகை தெரியும். ஆனா அன்னிக்கு எட்டு மணிக்குப் பலகையில என்ன இருந்துச்சுன்னு தெரியாது."

"நிக்கிறதைப் பார்க்க முடியுது, பலகையைப் படிக்க முடியலை," என்று ரேடியோ மெதுவாகச் சொன்னான். "தூரத்துல இருந்திருக்கணும்."

"இல்லேன்னா உயரத்துல."

இருவரும் சேர்ந்து தலையைத் தூக்கினார்கள். பலகை ரேடியோவின் தலையிலிருந்து வழுக்கி மூக்கில் வந்து நின்றது. தெருவின் நடுவில், முழுத் தெருவையும் பார்க்கும்படி ஒரு மாடி ஜன்னல் துருத்திக்கொண்டிருந்தது. தபால் நிலையம்.

மாடியில் மத்தியானத் தபாலைப் பிரித்துக்கொண்டு ஒரு பெண்மணி தனியாக நின்றாள். வயது நாற்பத்தைந்துக்கு மேல் இருக்கும். சீருடை, தோளில் பை. எதிரே சுவர் முழுக்க, வீட்டு வாரியாகக் கடிதம் போடும் மர அறைகள். ஒவ்வோர் அறையின் கீழும் கதவிலக்கம். சில இலக்கங்களின் கீழே பென்சில் எழுத்தில் ஒரு காகிதத் துணுக்கு ஒட்டியிருந்தது. யூஃபமிசம். ஃபாயில். ஐரனி. ரேடியோ எண்ணினான். சரியாக இருபது.

தபால்காரம்மா ஒளிக்கவில்லை. மாலைநேர வகுப்பில் அவள் இறுதியாண்டு மாணவி. வீட்டில் உட்கார்ந்து படிக்க நேரம் கிடையாது. அதனால் கடிதம் பிரிக்கும்போதே படிக்கும்படி, பேராசிரியர் வகுப்பில் சொன்ன உதாரணங்களை அறைகளின் கீழே ஒட்டி வைத்தாளாம். அவர் எந்த இடத்தின் பெயரையும் சொல்வதில்லை. 'ஒரு கடையில் இப்படி எழுதியிருந்தது' என்பார். மற்ற மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள். இவளுக்கு மட்டும் அது எந்தக் கதவு என்று தெரியும். தினமும் அந்தக் கதவுக்குக் கடிதம் கொடுப்பவள் அவள்தானே.

"திங்கக்கிழமை காலையில பார்த்தேன்," என்றாள். "வழக்கமா ஒரு தடவை நிப்பார், ரெண்டு தடவை நிப்பார். அன்னிக்கு நின்னு நின்னு, பென்சிலை நக்கிக்கிட்டு எழுதினார். எங்கெங்க நின்னாரோ அதெல்லாம் முக்கியம் போலன்னு குறிச்சுக்கிட்டேன். கூடப் படிக்கிற பிள்ளைங்க, ஆன்ட்டி படிச்சதைக் குடுங்கன்னாங்க. குடுத்தேன். கேள்வித்தாளே அதுதான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அண்ணி டைப்பிஸ்டின் கதையைச் சொன்னார். தபால்காரம்மா கையிலிருந்த கடிதக் கட்டைக் கீழே வைத்தாள். தானே வந்து சொன்னால் தன்னைத் தேர்வெழுத விடுவார்களா என்று கேட்டாள். ரேடியோ ஏதாவது சமாதானம் சொல்ல வாயெடுத்தான். அண்ணி முந்திக்கொண்டார்.

"தெரியாது. பொய் சொல்ல மாட்டேன்."

தபால்காரம்மா சுவரில் தான் ஒட்டிய இருபது துணுக்குகளையும் ஒரு தடவை பார்த்தாள். பிறகு தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டாள். "மூணு வருஷமா அந்தக் கல்லூரிக்கும் நான்தான் தபால் கொண்டுபோறேன். அந்த டைப்பிஸ்டம்மா ஒருநாள் தவறாம தண்ணி குடுப்பாங்க. வாங்க போலாம்."

நாலு மணிக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போது, 'எங்கள் சலவை மோசமில்லை' என்ற பலகை முப்பத்திரண்டு பளிங்குப் படிகளையும் ஏறிப் பூனைக் கதவில் மாட்டிக்கொண்டது. நேராக நுழையவில்லை. சாய்த்தால் ரேடியோ நுழையவில்லை. கடைசியில் அவன் முதலில் நுழைய, பலகையைத் தபால்காரம்மா ஒரு பார்சலைத் தள்ளுகிற லாகவத்தில் உள்ளே தள்ளினாள்.

முதல்வர் அறையில் கமிட்டி உட்கார்ந்திருந்தது. முதல்வர் அம்மாள் நடுவில், இரண்டு பக்கமும் இரண்டு உறுப்பினர்கள், ஓரத்தில் பேராசிரியர். சுவரோரமாக டைப்பிஸ்ட் நின்றாள். மேஜை மேல் உத்தரவின் இரண்டு காப்பிகள் தயாராக இருந்தன. ரேடியோ எட்டிப் பார்த்தான். ஒரு பிழைகூட இல்லாமல் அடித்திருந்தாள்.

முதல்வர் பேனாவின் மூடியைக் கழற்றினார். அண்ணி அனுமதி கேட்கவில்லை. பலகையை வாங்கி, பேராசிரியரின் முகத்துக்கு நேராக மேஜையில் நிறுத்தினார்.

"சார், இதை எங்கேயாவது பார்த்திருக்கீங்களா?"

பேராசிரியரின் முகம் மலர்ந்தது. மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"ஆகா, இதுவா. பிரமாதமான லிட்டோடீஸ். கவனிங்க. 'நல்ல சலவை'ன்னு சொல்லலை. 'மோசம்'ங்கிற எதிர்ப்பதத்தை எடுத்து, அதையே மறுத்து, நல்லதுங்கிறதைப் பின்வாசல் வழியா உள்ள கொண்டு வர்றான். திங்கக்கிழமை காலையில இதைப் பார்த்து நான் அசந்தே போயிட்டேன். அந்த இடத்துல எப்பவும் ஒரு ஹைபர்போலி இருக்கும். அதை அடிச்சிட்டு அங்கேயே..."

பாடம் அந்த இடத்தில் நின்றது.  பேராசிரியர் தன் வாயையே ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"கேள்வித்தாளைப் பார்த்தது ரெண்டு பேர் இல்லை சார்," என்றார் அண்ணி. "நீங்க தெருவுல ஒவ்வொரு கடை வாசல்லயும் நின்னு, பென்சிலால எழுதிக் காட்டியிருக்கீங்க. தெருவே பார்த்திருக்கு. அதைப் படிக்கத் தெரிஞ்சவங்க ஒருத்தர்தான் இருந்தாங்க."

தபால்காரம்மா முன்னால் வந்தாள். ஜன்னல், அறைகள், துணுக்குகள் என்று எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னாள். அன்று ஒன்பது மணிக்கு மேல்தான் அவள் தெருவில் இறங்கினாள். அதனால் சலவைக் கடையில் பழைய பலகையைத்தான் பார்த்தாள். தாளில் லிட்டோடீஸ், பட்டியலில் ஹைபர்போலி வந்தது அப்படித்தான். டைப்பிஸ்டின் தாளைப் பார்த்து எழுதியிருந்தால் அந்தத் தப்பு நடந்திருக்கவே முடியாது.

பேராசிரியர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க கடைசி பெஞ்சுதானே?"

"ஆமா சார். தபால் முடிச்சிட்டு வர லேட்டாயிடும்."

"ஏழாவது என்ன?"

"தெருக்குழாய் சார். தண்ணி வர்றதுக்கு முன்னாடி கிழவர் மாதிரி இருமும். பெர்ஸானிஃபிகேஷன்."

"ஒண்ணாவது?"

தபால்காரம்மா கொஞ்சம் தயங்கினாள். "உங்க வீட்டுக் கேட்டு சார். திறந்தா கிறீச்னு கத்தும். சத்தத்தையே சொல்லாக்குறது, ஆனமடோபியா. எண்ணெய் போட்டுடாதீங்க சார். அதை வெச்சுத்தான் நீங்க கிளம்பினது எனக்குத் தெரியும்."

குற்றம் சாட்ட வந்த மனிதர் எழுந்து நின்று கைதட்டிவிட்டார். முப்பது வருஷமாக உதாரணம் சொல்கிறேன், எல்லாரும் குனிந்து எழுதிக்கொள்கிறார்கள், ஒருத்தராவது தலையைத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே பார்த்ததில்லை என்று முதல்வரிடமே முறையிட்டார்.  ஒரு கைக்குட்டையும் வெளியே வந்தது. தன்னை யாரோ கவனித்திருக்கிறார்கள் என்ற சந்தோஷத்தில், சுவரோரம் ஒருத்தி நிற்பதையே அவர் மறந்துபோனார்.

முதல்வர் மறக்கவில்லை. கண்ணால் பார்த்துப் படிப்பது எந்த விதிப்படியும் குற்றமில்லை, தபால்காரம்மா தேர்வெழுதலாம் என்றார். உத்தரவின் இரண்டு காப்பிகளையும் நாலாகக் கிழித்தார். பழைய தாள் செல்லாது, நாளை பத்து மணிக்குள் புதுத் தாள் வேண்டும் என்றார். கடைசியாகப் பேராசிரியர் பக்கம் திரும்பி, புருவத்தைத் தூக்கினார்.

பேராசிரியர் தொண்டையைச் செருமினார். "ஒரு சிறு தவறு நேர்ந்துவிட்டதற்கு..."

"'சிறு' வேண்டாம் சார்," என்றாள் டைப்பிஸ்ட்.

அந்த அறையில் அவள் பேசிய முதல் வார்த்தை அது. "'நேர்ந்துவிட்டது'ம் வேண்டாம். அதுவா நேரலை. ரெண்டு நாளா தாழ்வாரத்துல எல்லாரும் என்னைப் பார்த்துக் குசுகுசுன்னு பேசினாங்க. அதனால வாயால சொன்னா பத்தாது. நீங்க சொல்லுங்க, நான் அடிக்கிறேன். நோட்டீஸ் போர்டுல போடணும்."

பேராசிரியர் சொன்னார், அவள் அடித்தாள். அவர் இரண்டு உவமைகளை உள்ளே நுழைக்கப் பார்த்தார். இரண்டையும் அவள் இறக்கிவிட்டாள். கடைசியில் மூன்று வரி மிஞ்சியது. தாள் வெளியே போனது என்னால், டைப்பிஸ்ட் மேல் பழி போட்டது நான், வருந்துகிறேன். கையெழுத்து வாங்கி, தாழ்வாரத்தில் தன் கையாலேயே நாலு மூலைக்கும் ஊசி குத்திவிட்டு வந்தாள்.

ரேடியோ அந்த மூன்று வரியை வானொலிக் குரலில் உரக்க வாசித்தான். அண்ணி அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுக்கும்வரை நிறுத்தவில்லை.

திரும்பி வந்த டைப்பிஸ்ட் தன் அறைக்குள் ஒரு நாற்காலியை இழுத்துச் சுவரைப் பார்த்துப் போட்டாள். வெறும் வெள்ளைச் சுவர். காலண்டர்கூடக் கிடையாது. ஜன்னலைச் சாத்தித் திரையை இழுத்துவிட்டாள்.

"வாங்க சார். இருபது கேள்வி. இங்கேயே உட்கார்ந்து எழுதுங்க."

பேராசிரியர் உட்கார்ந்தார். பென்சிலை எடுத்தார். சுவரைப் பார்த்தார். "இங்கே எதைப் பார்த்தும்மா எழுதுறது?"

"படிச்சதை நினைச்சு எழுதுங்க சார். பிள்ளைங்க எல்லாம் அப்படித்தானே எழுதுறாங்க."

அண்ணியையும் ரேடியோவையும் வாசல்வரை வந்து வழியனுப்பிவிட்டு அவள் கதவைச் சாத்தினாள். உள்ளே சாவி திரும்பும் சத்தம் கேட்டது. அந்த அறையின் சாவி பத்தொன்பது வருஷமாக அவளிடம்தான் இருந்தது. யாரை உள்ளே வைத்துப் பூட்டுவது என்பதை அவளே முடிவுசெய்தது அன்றுதான்.